கசப்பு பழகிவிடக் கூடாது

யூதர்கள் பஸ்கா பண்டிகையின் முதல் இரவு விருந்தில் கசப்பான கீரையைத் தின்கிறார்கள். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தின் நினைவு அது. விருந்து நாளில் எதற்குக் கசப்பு? எப்போதாவது தின்றால்தான் கசப்பு என்று நாக்குக்குத் தெரியும். தினமும் தின்றால் அதுவே சோறாகிவிடும்.

பொறுமையும் மரத்துப்போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மழை பொய்த்தால் பொறுக்கலாம். அதைக் கரிசக்காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால், மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையையும் ‘தலையெழுத்து’ என்ற அதே கணக்கில் எழுதிவிடுகிறோமே, அதுதான் தப்பு.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் அப்படி எழுத மறுத்தார்கள். வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றவர்கள், சுப்பிரமணிய சிவாவும், நம் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யும். கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது.

பஸ்கா இரவில் ‘இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு. உங்கள் வீட்டுக் கடைக்குட்டி ‘ஏன்?’ என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.