மஞ்சாடி மணியும் கள்ளாமையும்



பச்சைமலைப் பக்கத்து அரும்பாவூர், மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அக்கலைக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, வாயிலில் நின்ற மஞ்சாடி மரத்தடியில் செம்மணிகள் சிதறிக் கிடக்கக் கண்டோம். ஆனைக்குன்றிமணி என்பதும் இதுவே. நெற்று முற்றி வெடித்துச் சுருண்டபின் மணி தானே உதிர்கிறது; கிளையை ஒடிக்க வேண்டுவதில்லை. பல்லாங்குழி ஆடவும் மாலை கோக்கவும் பெண்மக்கள் இதனைச் சேர்த்து வைப்பர். பள்ளியில் பிள்ளைகளுக்கு எண் கற்பிக்க யாமும் இதனையே கொண்டோம்.

ஆயினும் இம்மணியின் பழைய பணி நிறுத்தல். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு மணி ஏறத்தாழக் கால் கிராம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னணிகளின் எடை, கழஞ்சோடு நில்லாமல் மஞ்சாடி, குன்றி வரை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பேரரசன் கொடையிலும் ஒரு சிறு விதையின் எடை கணக்கில் தப்பவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி முனிவர், கள்ளாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசு நெறியை மீறுதல், அளவையும் நிறையையும் கூட்டிக் குறைத்தல், கலப்படம் செய்தல் என்பன அவை. நான்காவது வணிகருக்கு உரியது, நமக்கன்று என்று பலரும் அமைதி கொள்கிறோம். யாமும் அவ்வாறே இருந்தோம்.

ஆனால் ஆசிரியர் கையிலும் ஒரு தராசு உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், உறவினர் பிள்ளையின் விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் கூட்டி இட்டோம். முதற் பரிசு அப்பிள்ளைக்குச் சென்றது. அதற்குரிய ஏழைச் சிறுமி வெறுங்கையுடன் வீடு திரும்பினாள். எவரும் அறியவில்லை, வினை அறியும். பிரதிக்கிரமணத்தில் அம்முகத்தை நினையாத நாளில்லை. இன்று இவ்வேட்டில் வெளிப்படக் கூறுவதும் அதன் ஒரு பகுதியே.

அன்பர்களே! பால் அளக்கும் கை, கூலி கொடுக்கும் கை, பிள்ளைகளுக்குப் பங்கிடும் கை யாவும் தராசுகளே. ஒரு மஞ்சாடி மணியை இல்லத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். அதன் எடையளவும் பிறர் பொருள் நம்மிடம் தங்க வேண்டா. தங்கியிருப்பின், உரியவர் வாழும்போதே திருப்பித் தருவோமாக.

வளர்க அருகன் அறம்!