பெயருக்குப் பின்னே ஒரு வால்

ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறியவே பெயர். அதன் பணி அவ்வளவுதான். அந்தப் பெயரின் பின்னே தொங்கும் மற்றொரு பெயருக்கு மட்டும் இத்தனை பெருமையும் பீடும் ஏன்? ஆராய்வோம், தோழர்களே!

இங்கிலாந்தைப் பாருங்கள். 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபோது, அங்கே உழவனுக்கும் கொல்லனுக்கும் குடும்பப் பெயரென்று ஒன்றில்லை. அடுத்துவந்த நூற்றாண்டுகளில்தான் அது மெல்ல வேரூன்றிற்று. இரும்படித்தவன் ஸ்மித், அம்பு செய்தவன் பிளெட்சர், ஜானின் மகன் ஜான்சன், யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஓடையருகே குடியிருந்தவன் சைக்ஸ்.

அந்தச் சைக்ஸ் என்ற பெயரை, அதே பெயர் தாங்கிய ஆக்ஸ்போர்டு மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ் சோதனைச் சாலைக்கே கொண்டு சென்றார். 2000இல் முடிவு வெளிவந்தது. தந்தை வழியே மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம், அப்பெயருடைய 48 ஆடவரில் பாதிக்கும் குறைவானோரிடமே ஒன்றாக இருந்தது! மூதாதை ஒருவனாகவே இருந்திருக்கலாம். ஆயினும் வழியில் வேறு குருதிகள் வந்து கலந்துவிட்டன. பெயர் ஒன்று, குருதி பல! கலப்பற்ற குலம் எமதென்று மார்தட்டுவோர் இதற்கு என்ன மறுமொழி கூறுவர்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஊர், தந்தை, தொழில் என்று அங்கே பெயர் பிறந்தது போலவே, இங்கும் ஊர், தந்தை பெயர், சாதிப் பட்டம் என்று மூன்றும் சேர்ந்தே வழங்கின. ஆனால், ஸ்மித்தின் மகனை எவரும் உலைக்களத்தில் கட்டிப்போடவில்லை. இங்கோ, பட்டம் பெயரோடு நின்றதா? கோயில் வாயிலில் நின்றது, கிணற்றடியில் நின்றது, மணமேடையில் இன்றும் நிற்கிறது!

அதனாலன்றோ, 1929 பிப்ரவரியில், பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது! பழங்காநத்தத்துத் தெருவொன்றில் வீட்டு வாயில்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துச் செல்லுங்கள். தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட பலகை எவருடைய பிறப்பையும் பறைசாற்றுவதில்லை. எழுத்தொன்று குறைந்ததால் எவர் பெருமை குறைந்தது?

“மூதாதையரை மறப்பதா?” என்பர் சிலர். நினையுங்கள், நன்றாக நினையுங்கள்! அவர்தம் உழைப்பை, அறிவை நினையுங்கள். பிறரைத் தாழ்த்திய பட்டத்தைத்தான் உதறச் சொல்கிறோம்.

இன்று ஆபத்து வேறு உருவில் வருகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம். அங்கே தந்தையின் பெயரை எழுதுவோர் உண்டு. பாட்டன் துறந்த பட்டத்தைத் தேடியெடுத்து எழுதும் பேரனும் உண்டு. வெற்றுக் கட்டத்தை நிரப்பக் கிடைத்தது அந்த இழிவுதானா?

இன்னொன்றும் சொல்வோம். நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தைக்கே உரியதாக நிற்கிறது. பெற்று வளர்த்த தாய்க்கு அங்கே இடமில்லையா? வாலை வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. தலையிலும் நீதி வேண்டும், தோழர்களே!