1971ஆம் ஆண்டின் மனிதர்கள்

அத்திப்பட்டுன்னு சொன்னா 'சிட்டிசன்' படம்தான் பலருக்கு ஞாபகம் வருது. படத்துல காணாமப்போறது அத்திப்பட்டி. எங்க ஊர் சாம்பல் பறந்தாலும் இருந்த இடத்துலயே இருக்கு. ஆனா குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கில் இங்கே இப்போ வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் நிஜமாவே இல்லை.

மாநில மக்கள்தொகையை எம்எல்ஏக்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்எல்ஏவின் வாக்கு மதிப்பு. தமிழ்நாட்டுக்கு 176, உத்தரப்பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. இதில் 'மக்கள்தொகை' என்பது 1971 கணக்கெடுப்பு. எங்க தொழில் பாஷையில ஹார்ட்கோட் பண்ணின எண். வடசென்னை அனல்மின் நிலையமும் எண்ணூர் துறைமுகமும் வராத காலத்து எண். நான் அதுக்குள்ள இல்லை, அநேகமா நீங்களும் இல்லை.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா கேட்டார். நேருவும் அம்பேத்கரும் ஏற்கவில்லை. அதிகாரம் பிரதமரிடம் இருக்கும்போது, அலங்காரப் பதவிக்கு ஏன் நாடே வாக்களிக்க வேண்டும்? எனக்கு இது சரின்னுதான் படுது. இலங்கையில் அதிபருக்கு அதிகாரம் இருக்கு, அதனால 1982லிருந்து மக்கள் வாக்களிக்கிறார்கள். 2022ல் நாடாளுமன்றம் 134 வாக்குகளில் ரணிலைத் தேர்ந்தெடுத்தது சட்டப்படி சரி. ஆனா தெருவில் நின்றவர்களுக்கு அது தங்கள் தேர்வாகத் தெரியவில்லை.

ஆக மறைமுகத் தேர்தலில் எனக்குச் சண்டை இல்லை, எடைக்கல்லில்தான்.

1976ல் 42வது திருத்தம் எண்ணை உறையவைத்தது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை 2001ல் 84வது திருத்தம் நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செய்த மாநிலம் தண்டிக்கப்படக்கூடாது என்பது வாதம். லாபம் நமக்கு. தமிழ்நாட்டு எம்எல்ஏக்களின் மொத்த மதிப்பு 41,184. பீகாருக்கு 42,039. 2011 கணக்கெடுப்பில் நாம் 7.2 கோடி, அவர்கள் 10.4 கோடி.

இங்கே வாடகை அறையில் தங்கி கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போகிற பீகார் பையனை நினைச்சுப் பாருங்க. அவனோட அப்பா அம்மா எத்தனை பிள்ளை பெத்துக்கணும்னு அவனா முடிவு பண்ணினான்? அவங்க ஊரில் பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பாத அரசாங்கத்துக்கு அவனா பொறுப்பு? மாநிலத்துக்குத் தருகிற பரிசின் செலவு அவன் கணக்கில் விழுது.

'இந்தியா மாநிலங்களின் ஒன்றியம், மாநிலத்துக்கும் எடை வேணும்' என்பது வலுவான பதில்தான். தமிழனா எனக்கு அது தேவையும்கூட. அப்போ அதை அப்படியே சட்டத்தில் எழுதுவோம். மக்கள்தொகைக்கு இவ்வளவு, மாநிலம் என்பதற்கு இவ்வளவு என்று. அமெரிக்காவில் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பது ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு. அதனாலேயே 2016ல் சுமார் 28 லட்சம் வாக்கு அதிகம் வாங்கியும் ஹிலாரி தோற்றபோது, அங்கே எதைப் பற்றிச் சண்டை போடணும்னு எல்லோருக்கும் தெரிஞ்சிருந்தது. இங்கே அந்தப் பையனிடம் அரசியலமைப்பின் 55வது பிரிவைக் காட்டினால், 'மக்கள்தொகை'ன்னுதான் எழுதியிருக்கும்.