பெண் உடலின் சுழற்சியும் இயற்கைச் சட்டமும்

பெண் உடலின் ஹார்மோன் சுழற்சியில் மருந்தைக் கொண்டு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்று கேட்கும்போதே, உடலுக்கென ஓர் ஒழுங்கு உண்டா, இருந்தால் அந்த ஒழுங்கு மனிதரின் நடத்தையைக் கட்டுப்படுத்துமா என்ற அறவியல் கேள்வியும் உடன் வந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மிக விரிவாக எடுத்து விவாதித்த சமய மரபுகளில் முதன்மையானது கத்தோலிக்கத் திருஅவை. திருத்தந்தையர், இறையியலாளர், மகப்பேறு மருத்துவர், மெய்யியலாளர் எனப் பலரும் பங்கேற்ற அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கடைகளில் ‘இயற்கை’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் தாவரத்திலிருந்து வந்த பொருள். கத்தோலிக்க அறநெறி பேசும் இயற்கை அதுவல்ல. பதிமூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வகுத்த இயற்கைச் சட்டக் கோட்பாட்டின்படி, ஒரு பொருளின் இயல்பு என்பது அது எந்த நோக்கத்தை நாடிச் செயல்படுகிறதோ அதைப் பொறுத்தது. கண் காண்பதற்கு, கருப்பை கருவைத் தாங்குவதற்கு. அந்த நோக்கத்தை மீட்டுத்தரும் மருந்து ஆலையில் தயாரானாலும் இயல்புக்கு இசைந்ததே. நோக்கத்தை வேண்டுமென்றே முறிப்பது பச்சிலையானாலும் இயல்புக்கு மாறானது.

பொருளின் பிறப்பிடத்தை மட்டும் பார்த்தால் எவ்வளவு குழப்பம் வரும் என்பதற்கு ஹார்மோன் மருந்துகளின் வரலாறே சான்று. அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் 1940களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த டையோஸ்ஜெனின் என்ற சேர்மத்தைப் பிரித்து, அதிலிருந்து புரொஜெஸ்டிரோனைத் தயாரித்தார். 1944இல் மெக்சிகோ நகரில் தொடங்கிய சின்டெக்ஸ் நிறுவனம் இந்த வழியில்தான் வளர்ந்தது. அங்கேதான் 1951இல் கார்ல் ஜெராசியும் உடன் பணியாற்றியவர்களும் நோரெதிஸ்டிரோனை உருவாக்கினர். பின்னாளில் அது பல கருத்தடை மாத்திரைகளின் உட்பொருளாயிற்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்காக 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரெமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மருந்து, சினையான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. கிழங்கும் குதிரையும் இயற்கைதான். ஆனால் காட்டு வள்ளிக்கிழங்குக் களிம்பைப் பூசிக்கொள்ளும் பெண்ணின் உடல் டையோஸ்ஜெனினைப் புரொஜெஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளாது. அந்த மாற்றம் ஆய்வகத்தில் மட்டுமே நடக்கும். ‘இயற்கை’ என்ற முத்திரையை நம்பி அக்களிம்பை வாங்குபவர்களுக்கு இதைச் சொல்பவர் குறைவு.

சுழற்சியின் ஒழுங்கு இன்னதென்று அறிவியலுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. சினைமுட்டை வெளிப்படும் நாளுக்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய நிலையானது, சுமார் இரண்டு வாரம் என்பதை ஜப்பானில் கியூசாகு ஓகினோ 1924இலும், ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவ்ஸ் 1928இலும் தனித்தனியே கண்டறிந்தனர். ஓகினோ கருத்தடைக்காக இதைத் தேடியவர் அல்லர். ஆயினும் கருவுறும் நாட்களைக் கணக்கிட்டு விலகியிருக்கும் முறைக்கு அவர்கள் கண்டுபிடிப்பே அடிப்படையானது. 1930இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் கருத்தடையைக் கண்டித்திருந்தார். 1951இல் 12ஆம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடையே பேசியபோது, தக்க காரணம் இருந்தால் தம்பதியர் கருவுறாத நாட்களை மட்டும் பயன்படுத்திக்கொள்வது குற்றமல்ல என்று தெளிவாக்கினார். உடல் தானே வகுத்த இடைவெளிக்குக் காத்திருப்பது ஒன்று, இடைவெளியை வலிந்து உண்டாக்குவது வேறு என்ற வேறுபாட்டின் மேல்தான் பின்வந்த வாதம் முழுவதும் நிற்கிறது.

நாட்காட்டிக் கணக்கு சுழற்சி ஒழுங்காக வருபவர்களுக்கே உதவும். குழந்தை பெற்றபின், பாலூட்டும்போது, மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது அது பொய்த்துவிடும். மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1953 முதல் வேறு வழி தேடினார். பின்னர் அவர் மனைவி ஈவ்லின் பில்லிங்ஸும் அதில் சேர்ந்தார், அவரும் மருத்துவர். சினைமுட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. அதனால் கருப்பை வாயில் சுரக்கும் சளி நீர்த்து, வழவழப்பாகி, இழுத்தால் நீள்கிறது. முட்டை வெளிப்பட்டதும் புரொஜெஸ்டிரோன் மேலோங்கி அதைக் கெட்டியாக்குகிறது. உடல் வெப்பமும் சற்றே உயர்கிறது. இந்த மாற்றங்களைப் பெண்ணே தினமும் குறித்து வைத்தால் தன் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தைத் தானே அறியலாம். ஜேம்ஸ் பிரவுன் என்ற ஹார்மோன் ஆய்வாளர் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜனை அளந்து பெண்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தின.

உலக சுகாதார நிறுவனம் பெங்களூர், மணிலா, ஆக்லாந்து, டப்ளின், எல் சால்வடோரின் சான் மிகுவேல் ஆகிய ஐந்து இடங்களில் இந்த முறையைச் சோதித்தது. வசதி, கல்வி வேறுபாடின்றிப் பெரும்பாலான பெண்கள் முதல் சுழற்சியிலேயே அடையாளங்களைக் கண்டுகொண்டனர். முறையைச் சரியாகப் பின்பற்றியும் ஓராண்டில் கருவுற்றவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. விலகியிருக்கும் விதியை மீறியவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பெண்ணால் தன் உடலை அறிய முடியும் என்பதற்கு முதல் எண் சான்று. அந்த அறிவு பலன் தர கணவனும் ஒத்துழைக்க வேண்டும் என்பது இரண்டாவதில் தெரிகிறது. குடும்பத்தில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் இந்த முறையை அவள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

திருஅவைக்குள்ளிருந்தே கடுமையான மறுப்பு வந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ராக் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1930களில் பாஸ்டன் அருகே நாள்கணக்கு முறையைக் கற்பிக்கும் மருத்துவமனை நடத்தியவர். குழந்தையில்லாத பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துச் சினைப்பைக்குச் சில மாதம் ஓய்வு தந்து, பிறகு அவர்களில் சிலர் கருவுற்றதைக் கண்டவர். உயிரியலாளர் கிரிகரி பின்கஸோடு சேர்ந்து அவர் சோதித்த மாத்திரை 1957இல் அமெரிக்காவில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும், 1960இல் கருத்தடைக்கும் ஒப்புதல் பெற்றது. 1963இல் வெளியான தம் நூலில் அவர் வைத்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. கர்ப்ப காலத்தில் அடுத்த முட்டை வெளிப்படாமல் பெண்ணின் உடலே புரொஜெஸ்டிரோனால் தடுக்கிறது. மாத்திரை அதே வழியில், அதே வகை ஹார்மோனால் அந்த ஓய்வை நீட்டிக்கிறது. உறைபோல் எந்தத் தடுப்பும் இதில் இல்லை. ஆகவே இதுவும் இயற்கையே என்றார். மாதம் 20 நாள் மாத்திரை, பிறகு நிறுத்தம் என்ற ஏற்பாடும் இந்த எண்ணத்தோடு ஒத்துப்போனது. நிறுத்தியதும் வரும் இரத்தப்போக்கு உண்மையில் மாதவிடாய் அல்ல, ஹார்மோன் குறைந்ததால் கருப்பையின் உட்படலம் உதிர்வதே. ஆனாலும் மாதந்தோறும் அது வந்தது பெண்களுக்கு ஆறுதலாக இருந்தது.

மாத்திரை ஏற்கத்தக்கதா என்பதைத் தீர்மானிக்கத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் ஒரு குழுவை அமைத்தார். அவருக்குப் பின் வந்த 6ஆம் பவுல் அதை விரிவாக்கினார். சிகாகோவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்ப இயக்கத் தலைவர்களான பேட், பேட்டி குரோலி தம்பதி, நாள்கணக்கு முறையைப் பின்பற்றிய குடும்பங்களின் கடிதங்களைக் குழுவின் முன் வைத்தனர். ஒழுங்கற்ற சுழற்சியோடு ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழ்ந்த பெண்களின் குரல் அவற்றில் இருந்தது. பெண்ணின் உடலைப் பற்றிய விவாதத்தில் பெண்கள் இவ்வளவு தாமதமாக, இவ்வளவு குறைவாகக் கேட்கப்பட்டது இந்த வரலாற்றின் வேதனையான பகுதி. 1966இல் குழுவின் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தது. 6ஆம் பவுல் அதை ஏற்கவில்லை. 1968 ஜூலையில் வந்த ஹூமானே வீத்தே சுற்றுமடல், ஒவ்வொரு தாம்பத்திய உறவும் உயிர் தருவதற்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிலையில் நின்றது.

மெய்யியல் நோக்கில் இந்நிலைக்கு எதிரான வலுவான கேள்வி ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடமிருந்து வந்தது, அதுவும் சுற்றுமடலுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே. இயற்கை என்றால் உலகில் நடக்கும் அனைத்தும் என்று கொண்டால் மாத்திரையும் இயற்கையே. மனிதர் கைபடாததே இயற்கை என்று கொண்டால் உழவும் அறுவை சிகிச்சையும் குற்றமாகும். இரண்டிலிருந்தும் அறவிதி பிறக்காது. அக்வினாஸ் வழிவந்தவர்கள், தாம் பேசுவது மூன்றாவது பொருள், அதாவது நோக்கம் என்று பதில் சொல்வார்கள். கத்தோலிக்க மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1972இல் இந்தப் பதிலைக் கூர்மையாக்கினார். மாத்திரை உண்பவளும் நாள் பார்த்து விலகுபவளும் ஒரே விளைவை விரும்பலாம். ஆனால் அறநெறி எடைபோடுவது செயலுக்குள் இருக்கும் எண்ணத்தை. ஒருத்தி அந்தச் செயலையே கருவுறாததாக மாற்றுகிறாள், மற்றவள் செயலையே தவிர்க்கிறாள் என்பது அவர் கருத்து. இந்த வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் ஐந்து பிள்ளைகளைப் பெற்று உடல் தளர்ந்த தாயின் மேல் இவ்வளவு கனத்தை ஏற்ற அது போதுமானதா என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கிறது.

அதே சுற்றுமடலில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்றுண்டு. நோயைத் தீர்க்கத் தேவையான மருந்து கருவுறுதலைத் தடுத்தாலும், அந்தத் தடை நோக்கமாக இல்லாதவரை அதைப் பயன்படுத்தலாம் என்கிறது அதன் 15ஆம் பத்தி. 12ஆம் பயஸ் 1958இலேயே இதைச் சொல்லியிருந்தார். நல்ல செயலின் நாடப்படாத தீய விளைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற இரட்டை விளைவுக் கோட்பாட்டின் நேரடிப் பயன்பாடு இது. ஆகவே கடும் இரத்தப்போக்குக்கோ எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கோ ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண் கத்தோலிக்க அறநெறிப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. சில பக்திக் குழுக்களில் அவளையும் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது அந்த மரபையே அறியாத கொடுமை.

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உலக அளவில் கருவுறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. முட்டை ஒழுங்காக வெளிப்படாததால் புரொஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து தூண்டுவதால் கருப்பையின் உட்படலம் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழியாகலாம். உணவும் உடற்பயிற்சியும் இங்கே முதல் சிகிச்சை. உடல் எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிப்பாடு திரும்புகிறது. அது போதாதபோது மெட்பார்மின், குழந்தை வேண்டுவோருக்கு லெட்ரோசோல், உட்படலத்தைக் காக்கப் புரொஜெஸ்டிரோன் அல்லது கூட்டு ஹார்மோன் மாத்திரை. நோக்கத்தை வைத்து அளந்தால் இவை அனைத்துமே உடலின் ஒழுங்கை மீட்கவோ காக்கவோ செய்பவை. ‘எல்லாம் இயற்கையாகச் சரியாகும்’ என்று ஆறு மாதம், ஓராண்டு மாதவிடாய் வராமலே காத்திருப்பதுதான் உடலுக்குத் தீங்கு.

சுழற்சிகளின் ஒழுங்கை அறிவியலாளர் இன்னும் நன்றாக ஆராய வேண்டும் என்றும் ஹூமானே வீத்தே சுற்றுமடல் கேட்டிருந்தது. அதை ஏற்று மகப்பேறு மருத்துவர் தாமஸ் ஹில்கர்ஸ் 1985இல் ஒமாஹா நகரில் 6ஆம் பவுலின் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கினார். தினக்குறிப்பை நோயறியும் கருவியாக்கியது அங்கு நடந்த முக்கியமான பணி. முட்டைக்குப் பிந்தைய நாட்கள் குறுகுவது, இடையில் திட்டுத்திட்டாக இரத்தம் காண்பது, வெப்பம் உயராமலே போவது ஆகியவை தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள். எந்தச் சமயத்தையும் சாராத மருத்துவரும் இக்குறிப்புகளைப் பயன்கொள்ள முடியும்.

மாதந்தோறும் மாதவிடாய் வருவதே பெண்ணுடலின் மாறாத இயல்பு என்ற எண்ணத்தையும் மானிடவியல் அசைத்திருக்கிறது. மாலி நாட்டின் டோகோன் பெண்களிடையே பெவர்லி ஸ்டிராஸ்மன் செய்த ஆய்வின்படி, அடுத்தடுத்த கர்ப்பங்களாலும் நீண்ட பாலூட்டலாலும் அவர்களுக்கு வாழ்நாளில் சுமார் 100 முறையே மாதவிடாய் வருகிறது. தொழில்மயமான நாடுகளில் அது 350 முதல் 400. ஒவ்வொரு முறை முட்டை வெளிப்படும்போதும் சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. அவ்வெண்ணிக்கை கூடக் கூடச் சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது.

இது நேராக வந்து தொடுவது அருள்சகோதரிகளை. அவர்களுக்குக் கர்ப்பமும் இல்லை, பாலூட்டலும் இல்லை. அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதி என்று இத்தாலிய மருத்துவர் ரமாத்சினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தார். 2011 இறுதியில் லான்செட் இதழில் ஆஸ்திரேலியாவின் காரா பிரிட், ரோஜர் ஷார்ட் இருவரும், சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களிலிருந்து காக்க அருள்சகோதரிகளுக்குக் கருத்தடை மாத்திரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று எழுதினர். ஹூமானே வீத்தேயின் 15ஆம் பத்தியையே அவர்கள் துணைக்கு அழைத்தனர். அதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில் காங்கோவில் வன்புணர்வு அச்சத்தில் இருந்த சகோதரிகள் அதே மாத்திரையை உட்கொள்ளலாம் என்று உரோமை இறையியலாளர் சிலர் வாதிட்டிருந்தனர். துறவற வாழ்வில் தாம்பத்திய உறவே இல்லை என்பதால் சுற்றுமடலின் தடை இங்கே பொருந்துவதில்லை. எஞ்சி நிற்பவை வயது, குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு, மாத்திரையால் இரத்தம் உறையும் அபாயம், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பில் ஏற்படும் சிறு கூடுதல் ஆகியவை. அவற்றை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்தச் சகோதரியும் அவருடைய மருத்துவரும்.