கூலியும் மூச்சும்

கூலி கொடுத்தவன் உழைப்பை வாங்கினான்; உழைப்பவளின் மூச்சையும் வாங்கினானோ?

பட்டர்வொர்த் முதல் ஜொகூர் வரை தோட்டங்களிற் களைக்கு அடிக்கும் நஞ்சை ‘மருந்து’ என்றே வழங்குகின்றோம். அவற்றுட் கொடியது பாராகுவாட். புண்பட்ட தோல்வழிப் புகினும் நுரையீரலிற் சேர்ந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சை ஒடுக்கிக் கொல்லவல்லது; மாற்று மருந்தில்லை. 2002இல் அதனை விலக்கத் துணிந்த மலேசிய அரசு 2006இல் மீண்டும் இடந்தந்தது. 2020இலேதான் முற்றும் தடுத்தது.

‘புட்டியில் எச்சரிக்கை உண்டே, முகமூடி அணியாதது மருந்தடிப்பவள் பிழை’ என்பார் உளர். கொளுத்தும் வெயிலிற் பம்பு சுமப்பவள் முகமூடிக்குள் எங்ஙனம் மூச்சுவிடுவாள்? வேறு பிழைப்பின்றிப் பசிக்கு அஞ்சி இசைந்தது இசைவாகுமா? கிராணி எழுதும் செக்ரோலிற் கூலிக்குக் கட்டமுண்டு. இழந்த மூச்சுக்குக் கட்டமில்லை.

தோழர்களே, பாராகுவாட் ஒழிந்தது. பிற நஞ்சுகள் ஒழிந்தில. முதற்கண் நஞ்சை நஞ்சென்றே அழைப்போம்!