முந்தி வந்தோரும் முந்த வேண்டியோரும்

முதலில் வந்தவருக்கே முதலிடம் என்பது உலக வழக்கம். அஞ்சலகத்திலும் பேருந்து நிலையத்திலும் இவ்வழக்கைப் பிழை என்பார் இல்லை. பின்னே வந்தவர் முன்னே செல்வாராயின், அதனை முறைகேடு என்றே அனைவரும் இகழ்வர். ஆயின், இவ்வழக்குச் செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே பின் வந்தவரை முன் அழைப்பது முறையாகிறது. முன் வந்தவரைக் காக்க வைப்பது கடமையாகிறது. பிற இடங்களில் குற்றமாவது ஓரிடத்தில் மட்டும் அறமாவது எங்ஙனம்?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ளது பத்து காவான். ஒரு காலத்தில் கரும்பும் பின்னர்ச் செம்பனையும் செழித்த தோட்ட நிலம் அது; தமிழர் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய மண். 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் அவ்வூரைத் தீவோடு இணைத்தது. செம்பனை நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன.

அவ்வூரில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் நெடுநாள் நீரிழிவு நோயாளி. ஒரு மாலையில் உடல் வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. “ஒன்றுமில்லை ஐயா, ஒரே அசதியாக இருக்கிறது” என்கிறார் மகனிடம். மகன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்டே. ஆதலின் பணம் தடையன்று. ஆயினும் கூடம் நிறைந்து வழிகிறது. பச்சைப் பிரிவில் அமரச் சொல்கின்றனர். ஒரு மணி நேரம் கழிகிறது. இரண்டு மணி நேரமும் கழிகிறது. பின்னே வந்தவர்கள் உள்ளே செல்கின்றனர். மகனின் நெஞ்சு கொதிக்கிறது.

அவன் சினம் நியாயமானதா? முதற்கண், அவனைக் காக்க வைக்கும் முறையின் வரலாற்றை அறிதல் வேண்டும். நெப்போலியனின் படையில் பணியாற்றிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் லாரே என்பார், காயமுற்றோரின் பதவியையும் நாட்டையும் நோக்காது, காயத்தின் கொடுமையை மட்டுமே நோக்கி மருத்துவம் செய்தல் வேண்டும் என்றார். தளபதியின் சிறுகாயம் காத்திருக்கும். எளிய வீரனின் பெருங்காயம் முந்தும். மலேசிய மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்துக் காட்டும் முறை இக்கொள்கையின் வழிவந்ததே. செல்வமும் செல்வாக்கும் செல்லாத வரிசை இது. ஏழை நோயாளிகளுக்கென 1854-ஆம் ஆண்டில் வித்திடப்பெற்ற பினாங்குப் பொது மருத்துவமனையின் மரபுக்கும் இவ்வரிசையே பொருத்தமானது.

எனவே, பச்சைப் பிரிவில் காத்திருப்பவர் வெறுமனே காலம் கழிப்பவர் அல்லர். விபத்தில் குருதி சிந்தி வந்த ஒருவருக்குத் தம் முறையை விட்டுக் கொடுப்பவர். முகமறியா மனிதனுக்கு அவர் தரும் அக்காலம் பொருட்கொடையினும் பெரிது. எனினும், ஒன்றை மறத்தல் ஆகாது. தருபவர் அறிந்து தந்தால்தான் அது ஈகை. அறியாதவரிடமிருந்து பெறுவது, எவ்வளவு நல்ல நோக்கத்திற்காயினும், பறித்தது போலவே அவருக்குத் தோன்றும். “உள்ளே ஓர் உயிர் போராடுகிறது, அதனால் தாமதம். உங்களை மறக்கவில்லை” என்று ஒருவர் வந்து சொல்லியிருப்பின், மகனின் சினம் பாதி தணிந்திருக்கும். காத்திருப்பினும் கொடியது, தாம் மறக்கப்பட்டோம் என்னும் எண்ணமே.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. வரிசையை வகுத்தவர் நோயைச் சரியாக அறிந்தாரா? மாரடைப்பு எப்போதும் நெஞ்சுவலியாக வருவதில்லை. நீரிழிவு நோயாளிகளிடத்தும் முதியோரிடத்தும் பெண்களிடத்தும் அது வெறும் அசதியாகவும் வியர்வையாகவும் மூச்சுத் திணறலாகவும் தோன்றுவதுண்டு. தமிழன்றி வேறு மொழியில் தம் வேதனையைச் சொல்ல இயலாத மூதாட்டியின் ‘அசதி’ என்னும் சொல், கேட்பவர் செவியில் சிறு களைப்பாகவே விழலாம். பிரிக்கும் முறை எத்துணை நேர்மையானதாயினும், கேட்கும் செவி தவறுமாயின் அம்முறையே அநீதி இழைத்துவிடும். காத்திருப்போரை இடையிடையே மீண்டும் நோக்குதல் வேண்டும் என்று மருத்துவ நெறி கூறுவதும் இதனாலேயே.

இக்குறைகளுக்கெல்லாம் தாதியரையும் மருத்துவரையும் மட்டும் பழித்தல் முறையன்று. 2021-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள், கொள்ளைநோயின் கடும்பிடியில் நாடு தவித்த வேளையில், ஒப்பந்த மருத்துவர்கள் பலர் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நிலையான பணி கேட்டனர். பிறரைக் காப்பவரே தம் நாளையைப் பற்றிய அச்சத்தோடு பணியாற்றுகையில், ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று பேச நேரமும் மனமும் எங்கிருந்து வரும்? ஆள்பற்றாக்குறையைப் போக்காமல் கனிவை மட்டும் எதிர்பார்ப்பது சமுதாயத்தின் பிழை.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகக் கண்டார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிற்கவில்லை. அருகிருந்து பணி செய்பவரையும் நான்காம் கூறாகச் சேர்த்தார். அப்பத்து காவான் மூதாட்டிக்கு அன்று வேண்டியிருந்தது அந்நான்காம் கூறே. தமிழறிந்த ஒருவர் அருகே அமர்ந்து, “பாட்டி, மூச்சு எப்படி இருக்கிறது? இப்படி எப்போதாவது வந்ததுண்டா?” என்று கேட்டிருந்தால், அவர் இருக்கை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கக்கூடும்.

முந்தி வந்தவர் பின்தங்குவது அநீதியன்று. அவர் குரல் கேட்கப்படாமல் போவதே அநீதி. தேவைக்கேற்ற வரிசை நீதியின் பாதி. காத்திருப்போரிடம் காரணம் சொல்லுதலும், அவர் சொல்வதைச் செவிமடுத்தலும் மறுபாதி. இவ்விரண்டும் கூடும் நாளில்தான், ஒரு ரிங்கிட் கொடுத்து அமர்ந்திருக்கும் ஏழைத் தாயும் தம் முறையைப் பிறர்க்கு மனமுவந்து விட்டுக் கொடுப்பார்.