பாதிச் சூத்திரம்

வைகாசிப் பௌர்ணமிக்கு முந்திய ஞாயிறன்று, அடுகோடியில் நம் அன்பர்கள் கூடும் மாடியறையில் 'வீரியம்' என்னும் பொருள்பற்றிப் பேசும் பணி எனக்கு வாய்த்தது. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் புத்தர் அருளிய அறவுரையை எடுத்துக்கொண்டேன். குளிர் மிகுதி, வெயில் மிகுதி, பொழுது புலரவில்லை, பொழுது போய்விட்டது, பசிக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது என்று சோம்பன் சொல்லும் ஆறு சாக்குகளை ஒவ்வொன்றாக விரித்துக் கூறினேன். உடம்பு தளர்ந்தால் மனமும் தளரும். ஆதலின் நாள்தோறும் அரைமணி நேரமேனும் கைவீசி நடத்தல் வேண்டும். அவ்வாறு நடவாதவர் தம்மத்துக்கும் உதவார், தமக்கும் உதவார் என்று சற்று உரத்தே முடித்தேன்.

பேச்சு முடிந்ததும், ஓசூர்ச் சாலைப் பக்கம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் உபாசிகை ஒருவர் எழுந்தார். "ஐயா, காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிறேன். சமைத்து வைத்துவிட்டு, எட்டரை மணிக்கெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறேன். இருட்டிய பின் வீடு வந்தால் மறுபடியும் அடுப்பு. நான் எப்போது நடப்பது? நீங்கள் சொன்ன ஆறு சாக்குகளில் என்னுடையது எது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோல் கேட்டார். எனக்கு விடை எழவில்லை. அன்றிரவு வீடு திரும்பி அச்சூத்திரத்தை முழுதும் மீண்டும் படித்தேன். நான் பேசியது அதில் பாதியே என்பது அப்போதுதான் விளங்கிற்று. மறந்துபோன மற்றப் பாதியைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உடலைப் பேணுவது பற்றாகுமா, கடமையாகுமா என்பது நம் நூல்களில் பழைய வினா. மிலிந்த அரசன் நாகசேனரிடம் இதனையே கேட்டான்: துறவிகளுக்கு உடம்பு அருமையானது அன்று எனின், அதற்கு உணவூட்டிக் காப்பது ஏன்? நாகசேனர், போரில் அம்பு தைத்த புண்ணுக்கு மருந்திட்டுத் துணி சுற்றுகின்றாயே, புண்மீது உனக்கு அன்பா என்று திருப்பிக் கேட்டார். புண் ஆறவேண்டும் என்பதற்காகவே அதனைப் பேணுகிறோம். உடம்பும் அவ்வாறே என்பது அவர் விடை. பகவன் தாமும் ஆறாண்டுகள் உடலை வாட்டிப் பார்த்துவிட்டு, இத்துணை மெலிந்த உடம்பால் உண்மையைக் காண்டல் எளிதன்று என்று தெளிந்து உணவு கொண்டார். உடனிருந்த ஐவர், இவர் சுகபோகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று இகழ்ந்து நீங்கினர். இவ்வளவும் நமக்குத் தெரிந்ததே. ஆயினும், நம் தெருவில் உடம்பை அளவிறந்து பேணிக் கெட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆகவே இவ்வினா நமக்குரியதன்று.

நமக்குரிய வினா வேறு: நடக்கச் சொன்னது யாரை?

பிக்குகளுக்கு உலாவும் பாதை அமைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த வரலாறு வினய நூலில் உள்ளது. வைசாலி நகரத்து இல்லறத்தார் முறைவைத்து இனிய உணவுகளைப் படைத்து வந்தனர். அவற்றை நாளும் உண்ட பிக்குகள் உடல் பெருத்து நோயுற்றனர். அங்கு வேறொரு காரியமாக வந்திருந்த மருத்துவர் ஜீவகர் இந்நிலையைக் கண்டு, உலாவும் பாதையும் வேது பிடிக்கும் அறையும் வேண்டும் என்று பகவனை வேண்டினார். கோசல மன்னன் பசேனதியின் கதையும் இவ்வகையினதே. துரோண அளவு அரிசிச் சோறு உண்டு மூச்சிரைக்க வந்தமர்ந்த அவன், பகவன் கூறிய ஒரு பாட்டைத் தன் உணவு வேளைதோறும் ஓர் இளைஞனைக் கொண்டு சொல்லச் செய்து, படிப்படியாக நாளிகை அளவுக்குக் குறைத்துக்கொண்டான். (பாலிமொழியின் அந்த நாளிகை நம் நாழியோடு உறவுடைய சொல்.) இம்மருந்துகள் மிகையாக உண்டவர்க்கு, அமர்ந்தே இருந்தவர்க்கு எழுந்தவை.

அத்தகையோர் இன்று நம்மிடையிலும் உளர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. 1951இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் ஆலை அடுகோடியில் நெடுங்காலம் இயங்கிற்று. பின்னர் பாஷ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம், 2022இல் அவ்விடத்தையே பொறியியல், கணிப்பொறிப் பணிகளுக்கான வளாகமாக்கித் திறந்தது. ஆலைகளில் தந்தையர் நின்றுகொண்டு வேலை செய்த ஊரில் மக்கள் அமர்ந்துகொண்டு வேலை செய்கின்றனர். படித்து நாற்காலியில் அமர்ந்த நம் பிள்ளைகள் முப்பது வயதிலேயே சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குவதைக் காண்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தபடி, வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ளுதல் நலம். அவர்களுக்கு என் பேச்சு முற்றும் பொருந்தும். மின்தூக்கியை விட்டுப் படியேறட்டும். இரவு உணவில் ஒரு நாழி குறையட்டும்.

ஆனால் அவ்வுபாசிகைக்கு? உழைப்பே உடற்பயிற்சிதானே, உழைப்பவருக்கு நோய் அணுகாது என்று மேடைகளில் சொல்வது நம் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். இன்றைய ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. கோபன்ஹேகன் நகரில் 1,04,046 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்க்கு இதயநோய் குறைந்தது; வேலையில் உடலை மிகுதியும் இயக்கியவர்க்கோ அது கூடிற்று. இரண்டும் உடலியக்கமே, பயன் எதிரெதிர். ஓய்வு நேர நடை குறுகியது, விரும்பிச் செய்வது, களைத்தால் நிறுத்தக்கூடியது. வேலையோ மணிக்கணக்காய் நீள்வது, நிறுத்த இயலாதது, அதன்பின் உடல் தேறுவதற்குப் போதிய இடைவெளி இல்லாதது; அதனால் இரத்த அழுத்தம் ஓயாது உயர்ந்தே நிற்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1953இல் இலண்டன் நகரத்து மாடிப்பேருந்துகளை ஆராய்ந்த ஜெரி மாரிஸ், அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். அதனை மறுக்கவேண்டியதில்லை. நடத்துநர் ஏறுவார், இறங்குவார், இடையில் நிற்பார். தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருக்கு அசையாத இடுப்பும் ஓயாத கையும் கண்ணும்தாம். மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு வேறு. இயந்திரத்தை விட்டு எழுந்து போகநேருமே என்று அஞ்சித் தண்ணீரே குடியாமல் இருந்து, சிறுநீர் நோய் தேடிக்கொண்ட பெண்கள் இவ்வூரில் பலர். தாகத்தை அடக்கி உழைக்கும் அவர்களிடம் போய் 'ஊக்கம் வேண்டும்' என்று நான் பேசியிருக்கிறேன்.

நம் முன்னோரைப் பற்றிய ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகின்றது. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் தழைத்த இடங்களுள் கோலார் தங்கவயல் முதன்மையானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பஞ்சசீலம் ஓதிய அன்பர் பலர் பூமிக்கடியில் பாறை துளைத்தவர்கள். அவர்களைவிட உழைத்தவர் யார்? 1940களில் அச்சுரங்கத் தொழிலாளர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. கல்தூசு மார்பில் படிந்து மூச்சையடைக்கும் நோய் அது. படிந்த தூசை எடுக்க மருந்தில்லை. அதிகாலையில் எழுந்தாலும், மது விலக்கினாலும், மைல் கணக்கில் நடந்தாலும் சுரங்கத்தில் இறங்கியவன் சுவாசித்தது அத்தூசைத்தான். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். மூச்சிரைப்பு அதன்பின்னும் வீடுகளில் இருந்தது.

இதனை ஊழ்வினை என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருவன், இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பார் கூற்று மெய்யோ என்று வினவியபோது பகவன் ஒப்பவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவமாறுதல், பேணாமை, பிறர் செய்யும் கேடு, வினை என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டில் ஒன்றே வினை. நம்மை ஊருக்குப் புறத்தே நிறுத்தியவர்கள் மற்ற ஏழையும் அழித்துவிட்டு அந்த ஒன்றையே நமக்கு ஓதினார்கள். உழைத்து நோயுற்றவனை நோக்கி, நீ உடம்பைப் பேணவில்லை என்று நாம் சொல்லும்போதும் அச்செயலையே செய்கிறோம். அவர்கள் பழவினை என்றார்கள். நாம் சோம்பல் என்கிறோம். வேறுபாடு சொல்லில் மட்டுமே உள்ளது.

இனி, நான் மறந்த பாதி. ஆறு சாக்குகளை எண்ணிய அதே சூத்திரத்தில், பகவன் சிகாலனுக்கு ஆறு திசைகளின் உண்மைப் பொருளை விளக்குகிறார். அவற்றுள் கீழ்த்திசை என்பது பணியாளரும் தொழிலாளரும். அவர்களுக்குத் தலைவன் செய்யவேண்டிய கடமை ஐந்து: ஆற்றலுக்கேற்ப வேலையை வகுத்தல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவு கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். ஓய்வு இங்கே தலைவனின் இரக்கத்தைப் பொறுத்ததன்று, அவன் பட்ட கடன். சோம்பலைக் கடிந்த அதே வாய், அதே அமர்வில் இதனையும் உரைத்தது. ஒரு பாதியைக் கேட்டவருக்கு மறுபாதியையும் கேட்க உரிமையுண்டு.

இப்பாதியைச் சட்டமாக்க முயன்றவர் நம் பாபாசாகேப் அம்பேத்கர். வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில் அவர் கொண்டுவந்த திருத்தத்தால், 1946இல் நிலையான ஆலைகளில் வாரவேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. பிறர்க்கு ஆறு மணி நேரம் மீட்டுக் கொடுத்தவர் தமக்கென்று ஒரு மணியும் ஒதுக்கவில்லை. நீரிழிவும் நரம்புவலியும் வருத்த, புத்தரும் அவர் தம்மமும் பற்றிய நூலின் முன்னுரையோடு கடைசி இரவையும் கழித்து, 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். நாம் அதனைப் பெருமையாகவே பேசுகிறோம். அவருக்கு ஓய்வு தர உடனிருந்தோர்க்கு இயலாமற் போயிற்றே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 2023இல் கர்நாடகச் சட்டமன்றம், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை வைத்துக்கொண்டே ஒருநாள் வேலையைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட இடந்தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. கணக்கு ஒன்றே என்றனர். நான்கு நாள் பன்னிரண்டு மணி வளைந்த முதுகுக்கு அது ஒன்றன்று.

சோணர் என்னும் பிக்குவின் கதையை நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். பாதம் வெடித்துக் குருதி படிய உலாவியும் பயன்காணாது மனம் தளர்ந்தவரிடம், யாழ்நரம்பு மிக இறுகினாலும் இசை எழாது, மிகத் தளர்ந்தாலும் எழாது என்றார் பகவன். இக்கதை சோம்பலைக் கடிய வந்ததன்று; அளவுக்கு மீறி முயன்றவருக்குச் சொன்னது. இறுகிய நரம்பைத் தளர்த்துவதும் வீரியத்தின் பகுதியே. தளர்ந்து கிடப்பவனுக்கு எழுந்து நடத்தல் முயற்சி. ஓயாது இயங்குபவருக்கு, இவ்வளவு போதும் என்று கையை எடுத்தல் முயற்சி. பின்னதே கடினம் என்று தோன்றுகின்றது. நடப்பவனைத் தடுப்பார் இல்லை. கையை எடுப்பவளுக்கோ மேற்பார்வையாளர் உண்டு, வீட்டில் நாமும் உண்டு.

வீட்டில் நாமும் உண்டு என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஆற்றலுக்கேற்ற வேலை, நோயில் பேணுதல், காலத்தில் ஓய்வு ஆகிய கடமைகளை ஆலை முதலாளிக்கு மட்டும் படித்துக்காட்டி விட்டுவிடல் எளிது. மாலை ஆறு மணிக்குமேல் அந்த அம்மையாரின் உழைப்பைக் கொள்பவர் யார்? கணவனும் பிள்ளைகளுமே. மறு ஞாயிறன்று இதனை வெளிப்படையாகவே கூறினேன். அவர் கணவர் முகம் சுளித்தார். பி.யூ.சி. படிக்கும் மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவ்வாரம் முதல் காலையில் தண்ணீர் பிடிப்பது அவன் வேலை என்று பின்னர் அறிந்தேன். அம்மையாருக்கு இருபது நிமிடம் மிஞ்சுகிறதாம். அதில் நடக்கிறீர்களா என்று வழக்கம் விடாது கேட்டேன். "இல்லை ஐயா, படுத்திருக்கிறேன்" என்றார்.

தூக்கத்தோடு போராடிய மொக்கல்லானருக்குப் பகவன் கூறிய ஏழு வழிகளை அப்போது எண்ணிக்கொண்டேன். நினைவை மாற்றுதல், கேட்ட அறத்தை ஆராய்தல், அதனை வாய்விட்டு ஓதுதல், காதைப் பிடித்திழுத்து உடலைத் தேய்த்தல், எழுந்து கண்ணைக் கழுவி விண்மீன்களை நோக்குதல், ஒளியை மனத்தில் நிறுத்துதல், முன்னும் பின்னும் உலாவுதல். இவ்வளவும் செய்து பயனில்லையாயின் வலப்பக்கமாகச் சாய்ந்து உறங்குக என்றும் சொன்னார். இந்த அம்மையார் மற்ற ஏழையும் பல ஆண்டுகளாகச் செய்து முடித்துவிட்டவர் அல்லரோ?

நம் மாடியறையின் பின்சுவரோரம் இப்போது இரண்டு பாய்களைக் கூடுதலாக விரித்துவைக்கிறோம். ஞாயிறு உரையின்போது அங்கே எவரேனும் உறங்கிவிட்டால் எழுப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் மூவர் உறங்கினர். பேசியவன் நானே.